இலக்கங்களை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள்

2024 அக்டோபரில், அதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண்ணை அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டுபிடித்ததாக அறிவிப்பு வந்தது. 2இன் அடுக்கு 13,62,79,841. அதிலிருந்து 1 குறைவு. நான் படித்த செய்திகளெல்லாம் 4,10,24,320 இலக்கங்கள் என்று வியந்ததோடு முடிந்துவிட்டன. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எவ்வளவு பெரிய எண்ணையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அது பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது? அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது நடக்காத காரியம். 2இன் அடுக்கு 127இலிருந்து 1ஐக் கழித்தால் வருவது 39 இலக்க எண். அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் நொடிக்கு நூறு கோடி முறை வகுத்தாலும் 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த எண் பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1876இலேயே, கணினி இல்லாத காலத்தில், நிறுவிவிட்டார்!

அவர் வகுத்த வழியைப் பின்னர் அமெரிக்கரான லேமர் செப்பனிட்டார். இந்தச் சோதனையைச் செய்ய, அடுக்கு 2ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருந்தால் போதும். 127ஐயே எடுத்துக்கொள்வோம், அது 2இன் அடுக்கு 7இலிருந்து 1 குறைவு. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 14 வரும். மறுபடி செய்தால் 194, மீதி 67. அடுத்து 42, அதற்கடுத்து 111. 111இன் வர்க்கம் 12,321. இரண்டு போனால் 12,319. அது சரியாக 127 × 97. மீதி பூஜ்யம்! அடுக்கைவிட இரண்டு குறைவாக, ஐந்தே சுற்றில் பூஜ்யம் வந்துவிட்டதால் 127 பகா எண். அந்த 39 இலக்க எண்ணுக்கும் இதே வழிதான், 125 சுற்றுகள். டுரான்டின் எண்ணையும் இறுதியில் இந்தச் சோதனையால்தான் உறுதிசெய்தார்கள்.

இந்த வழியில் இன்னொரு விந்தையும் உண்டு. பூஜ்யம் வராவிட்டால் அது பகு எண் என்பது உறுதி. ஆனால் காரணிகள் எவை என்று தெரியாது. 2இன் அடுக்கு 67இலிருந்து 1 குறைந்த எண் பகா எண் என்று 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் எழுதிவைத்தார். இல்லை என்று லூக்கா 1876இல் காட்டினார். காரணிகள் கிடைத்ததோ 1903இல், கோல் என்பவரின் உழைப்பால்: 19,37,07,721 ஒன்று, 7,61,83,82,57,287 மற்றொன்று.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு நான் கோபத்தோடே சொல்வேன்: பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி ஐயமின்றி அறிய முடிகிறதே, அதுவே பயன். வர்க்கமும் மீதியும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் செய்துகாட்டலாம். ஏன் இப்படி என்ற நிரூபணம் கல்லூரியில் வரட்டும். கணக்கு ஆசிரியர்களே, 127ஐக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு 2047ஐப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அது 2இன் அடுக்கு 11இலிருந்து 1 குறைவு. ஒன்பதாம் சுற்றில் பூஜ்யம் வராது, 1736 மிஞ்சும். 23ஐயும் 89ஐயும் அவர்களே தேடிப் பிடிக்கட்டும்.