மாஸ்லோ பிரமிடு வரையவே இல்லை

எங்கள் மன்னார்குடிப் பக்கத்து சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளாக ஒரு படம் சுற்றுகிறது. மனிதத் தேவைகளை அடுக்கிய ஐந்தடுக்குப் பிரமிடு, அடியில் சோறு, மேலே மரியாதை. கூடவே ஒரு வரி: "வயிறு நிறையாதவனுக்கு மானம் மரியாதை தோணாது, வேலைக்காரனுக்குக் கூலி போதும், இது மாஸ்லோ நிரூபித்த விதி."

தப்பு. அமெரிக்க உளவியலாளர் ஆப்ரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் பற்றி 1943-ல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, அது பிற்பாடு மேலாண்மைப் பாடம் எடுத்தவர்கள் பரப்பியது. நிரூபிக்கவும் இல்லை, அது ஒரு கருத்து, அவ்வளவுதான். ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைந்த பிறகுதான் அடுத்தது எழும் என்று நினைக்காதீர்கள் என்று அவரே அதில் சொல்லி, சராசரி ஆளுக்கு உடல் தேவை 85 சதவீதம், தன்மதிப்பு 40 சதவீதம் நிறைந்திருக்கலாம் என்று சும்மா உதாரணத்துக்கு எண் போட்டும் காட்டியிருக்கிறார்.

அட, மாஸ்லோ எதற்கு? 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவோடு செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தபோது யாருக்கு வயிறு நிறைந்திருந்தது? அரைவயிற்றோடு நின்றவர்கள் கூலி நெல்லை மட்டுமா கேட்டார்கள், சவுக்கடியும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்றும்தானே கேட்டார்கள். கூலி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, நடவுக் கூலியை இழுத்தடித்தால் அடுத்த வருஷம் யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். ஆனால் கூலி மட்டும் போதும் என்பது வேறு கதை.

படத்தை அனுப்பிய சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரிப்பா, ஆனா படம் நல்லாருக்கே" என்றார்.