பாலைப்பழம் வாங்குவோரிடம் ஒரு வேண்டுகோள்

வைகாசி, ஆனி மாதங்களில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியோரம் பாலைப்பழம் விற்பனைக்கு வந்துவிடும். இலங்கையின் வடக்கே, வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அதன் ருசியை விளக்கத் தேவையில்லை. வேப்பம்பழத்தை ஒத்த அந்தச் சிறு மஞ்சள் பழத்தில் நாலைந்தைத் தின்றதுமே உதடுகள் பாலில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது எப்படிப் பறிக்கப்படுகிறது என்று வாங்குவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. மரமேறிப் பறிக்கப் பொறுமையற்றவர்கள் காய்த்த கொப்புகளையே அறுத்து வீழ்த்துகிறார்கள். சில இடங்களில் மரத்தையே அடியோடு சரித்துவிடுகிறார்கள்.

பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதன் வைரமேறிய நடுக்கட்டை தண்ணீரில் தாழுமளவுக்கு அடர்த்தியானது. நமக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அதன் பின் வரும் நீண்ட வரட்சியில், குளங்கள் வற்றும் வேளையில், கரடிக்கும் குரங்குக்கும் பறவைகளுக்கும் உணவாவது பாலை, வீரை மரங்களின் பழங்கள்தான். அவை தின்று பரப்பும் விதையிலிருந்துதான் அடுத்த காடு எழுகிறது. ஒரு பருவத்து வருமானத்துக்காக முதிர்ந்த மரத்தைச் சரிப்பது எனக்குப் பொறுக்கமுடியாத அநியாயமாகவே படுகிறது.

கார்த்திகையில் மரக்கன்றுகள் நடுகிறோம், நல்ல வழக்கம். ஆனால் எதை நடுகிறோம் என்பதும் முக்கியம். தேக்கு இந்த மண்ணுக்குரிய மரமன்று. வெட்டி விற்பதற்காக வரிசையில் வளர்க்கப்படும் தேக்கந்தோட்டம், முதிரையும் கருங்காலியும் பாலையும் கீழ்ப்பற்றைகளும் கலந்து நிற்கும் காட்டுக்கு ஒருபோதும் ஈடாகாது. அந்தப் பற்றைகளை வெறும் பற்றை என்று டோசரால் வழித்துவிட்டால், திறந்த மண்ணில் முதலில் குடியேறுவது பார்த்தீனியம். 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட அந்தக் களை, ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது.

காட்டைப் பற்றிப் பேசும்போது மக்களின் காணிப் பிரச்சினையை மறைப்பது நேர்மையாகாது. போரால் இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் பலர், தங்கள் பழைய வயலும் குடிநிலமும் காட்டெல்லைக்குள் சேர்க்கப்பட்டிருக்கக் கண்டார்கள். அவர்களின் காணி அவர்களுக்கே கிடைக்கவேண்டும். காட்டைப் பகையாகப் பார்க்கும் நிலைக்கு ஊரவரைத் தள்ளிவிட்டு, காட்டைக் காக்க யாராலும் முடியாது.

குளங்களின் அலைகரையையும், அதாவது நீர் ஏறி இறங்கும் ஓரநிலத்தையும், இதே அக்கறையோடு பார்க்கவேண்டும். அங்கு நிற்கும் மருதும் இலுப்பையும் வேரால் மண்ணைப் பிடித்துவைத்து, குளம் தூர்வதைக் குறைக்கின்றன. இலுப்பையின் பூவுக்கும் பழத்துக்கும் இரவில் வௌவால்கள் வருகின்றன. அதன் கொட்டையில் எடுத்த எண்ணெய்தான் நம் கோயில் விளக்குகளில் எரிந்தது. அலைகரையைத் துப்புரவாக்கி வயலாக்கினால் சில ஏக்கர் நெல் கூடலாம், ஆனால் குளம் கொள்ளும் நீர் குறையும்.

இந்தப் பருவத்தில் பழம் வாங்குமுன், கொப்பு அறுக்காமல் பறித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். அறுத்த கொப்போடு வரும் பழத்தை வாங்காதீர்கள். தின்ற பழத்தின் விதைகளைக் கழுவி, அருகிலுள்ள பாடசாலை நாற்றுமேடைக்குக் கொடுங்கள். கார்த்திகைக்கு நடக் கன்றுகள் அங்கிருந்தே வரட்டும்.