ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி?
கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீடு இருப்பதால் ஏழைப் பிள்ளைகளும் விரும்பிய பள்ளியில் சேரலாம் என்று, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அது எங்கள் குமரி மாவட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை; பேச்சிப்பாறை மலையில் இருக்கும் காணி பழங்குடிக் குடும்பங்கள் எங்கே போவார்கள்? கீழே வந்தாலும் இங்கே பல பள்ளிகள் சிறுபான்மையினர் நடத்துபவை, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவற்றுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அப்படியே சீட் கிடைத்தாலும் வேன் கட்டணத்தை யார் கட்டுவது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இலவச டியூஷனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறார். குலசேகரம் பக்கம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் வகுப்பு எடுத்தவள் நான். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் விடியும் முன்பே பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள், பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வந்தாலே நோட்டை மூடிவிடுவான். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்து, ஒரு கட்டை அவனையே பிரிக்கச் சொன்னேன்; அப்புறம் அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் இதற்கு நேரம் ஏது? பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும், சரி. ஆனால் முதலில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒரு ஆளைக் கொடுங்கள், அவருக்கு, எங்களுக்குத் தந்ததுபோல மாதம் 1000 ரூபாய் என்றில்லாமல் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள்.