தண்ணி ஊத்துனா போயிடுமாம்!

போகாது. போகவே போகாது. கார் ஷெட் தரையில் சிந்திய எஞ்சின் ஆயில் மேல் தண்ணீர் ஊற்றினால் அது போகாது, பரவும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதர் எப்படி மெக்கானிக் தொழில் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

நேற்று ராத்திரி தரை சுத்தமாக இருந்தது. தேய்த்து, அலசி, துடைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன். காலையில் கதவைத் திறந்தால் அதே இடத்தில், அதே வடிவத்தில், அதே கறை. ஈரமாக இருக்கும்போது கான்கிரீட் முழுக்கவே கறுத்துப்போய்த்தான் தெரியும். கறையும் தரையும் ஒரே நிறத்தில் நிற்கும். காய்ந்தால்தான் உண்மை வெளியே வரும். முதலில் ஓரங்கள் வெளுக்கும், அப்புறம் சுற்றிலும் வெளுக்கும், நடுவில் மட்டும் அந்தக் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்போது கூடுதலாக ஒரு கொடுமை: தேய்த்த இடம் மற்ற தரையைவிட வெள்ளையாகிவிட்டது. முன்பு கறை மட்டும் இருந்தது, இப்போது கறையைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டியதுபோல் ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கே வந்து ஆயில் மாற்றித் தருகிறேன் என்றார் அந்த மெக்கானிக். சரி என்றேன். கீழே ஒரு அட்டையாவது விரித்துக்கொள்ளுங்கள் என்று பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். "அதெல்லாம் வேணாம் சார், ஒரு சொட்டு கீழ விழாது" என்று சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வடித்தால் ஆயில் இளகி முழுசாக இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இளகின ஆயில் வேகமாகப் பாயும் என்பது மட்டும் தெரியவில்லை. ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே தட்டை வைத்தார். போல்ட்டைக் கழற்றினார். அந்த ஆயில் நேர் கீழேயா விழும்? சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, அது நிறைய ஆயில் இருக்கிறது, துளையோ பக்கவாட்டில் இருக்கிறது. பீய்ச்சிக்கொண்டு தட்டைத் தாண்டி விழுந்தது. பதறிப்போய்த் தட்டை அந்தப் பக்கம் இழுத்தார். அதற்குள் வேகம் குறைந்து, ஆயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. மறுபடியும் தட்டை இழுத்தார். இழுத்த இழுப்பில் தட்டிலிருந்தே தளும்பியது.

அத்தோடு முடிந்ததா? அடுத்து ஆயில் ஃபில்டர். அதைத் திருகியதும் உள்ளே நின்ற ஆயில் ஃபில்டரின் மேலேயே வழிந்து, கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் ஓடி, தட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் போய்ச் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்த நான் சொன்னேன். கழிவுத்துணியை எடுத்தார். அந்தத் துணியை அப்படியே மேலே போட்டு அமுக்கி எடுத்திருந்தால்கூடப் பாதி வந்திருக்கும். இவர் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். உள்ளங்கை அளவு இருந்த கறை வண்டிச் சக்கரம் அளவு ஆனது. அதற்கு மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் மேல் ஆயில் மிதந்து, வானவில் நிறத்தில் வாசல் வரைக்கும் போனது. "தண்ணி ஊத்துனா போயிடும் சார்." காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போல்ட்டுக்குக் கசிவைத் தடுக்கும் புது வாஷர் போடவில்லை என்பது மறுநாள் வண்டிக்கு அடியில் புதிதாகச் சொட்டிய பிறகுதான் தெரிந்தது. கைக்குள் அடங்கும் ஒரு சின்ன வாஷர்! அதைக்கூட மாற்ற மனசு வரவில்லை.

இங்கேதான் எல்லாரும் புரிந்துகொள்ள மறுக்கிற விஷயம் இருக்கிறது. ஆயில் தரைமேல் இல்லை, தரைக்குள் இருக்கிறது. கான்கிரீட் பார்க்கத்தான் கெட்டி. உள்ளே முழுக்க மயிரிழையைவிட மெல்லிய துளைகள். திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே துடைத்துவிட்டு வந்தால், உள்ளே இருப்பது மெல்ல மெல்ல மறுபடி மேலே வரும். ஓடித் தேய்ந்த ஆயில் என்றால் அதில் கரித்தூளும் கலந்திருக்கும், டீசல் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கரி போய்த் துளைக்குள் அடைத்துக்கொண்டால் சோப்பு நுரை என்ன செய்யும்?

அடுத்தது யோசனை சொல்ல வருகிறவர்கள். கறையைப் பார்த்தவர் எவரும் வாயை மூடிக்கொண்டு போனதில்லை.

ஆசிட் ஊற்று என்கிறார்கள். ஆசிட் சாப்பிடுவது சிமெண்ட்டை, ஆயிலை இல்லை. ஊற்றினதும் பொங்கும், பார்க்கிறவர்களுக்குக் கறை கரைவதாகத் தோன்றும். கரைவது தரை! ஆயில் ஊறின இடத்தில் ஆசிட் சரியாக இறங்கவும் இறங்காது. சுற்றி இருக்கும் நல்ல தரை அரித்து ஜல்லி தெரியும், கறை மட்டும் பத்திரமாக இருக்கும். அதன் புகை பட்டு, பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்பேனர் எல்லாம் துருப்பிடிக்கும். இதில் ஒருவர், ஆசிட்டோடு கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போடச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடின ஷெட்டுக்குள் அதைச் சுவாசித்தால் நுரையீரல் என்ன ஆகும்? உயிர் போகிற யோசனையை எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்?

காஸ்டிக் சோடா போடு என்றார் இன்னொருவர். அது சமையல் எண்ணெயைச் சோப்பாக மாற்றும். எஞ்சின் ஆயில் பெட்ரோலியத்தில் இருந்து வருவது, அது சோப்பாகாது. கையின் தோல்தான் போகும். வினிகரும் சோடா உப்பும் கலந்து ஊற்று என்றார் வேறொருவர். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு குமிழி விட்டு அடங்கிவிடும். மிச்சம் இருப்பது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. பெட்ரோல் ஊற்று என்றவரிடம் நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவு ஆவி விடுகிற திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். ஒரு ஸ்விட்ச் பொறி போதும்.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஹை பிரஷர் வாஷர் மெஷினையும் பார்த்தாயிற்று. மேல் சிமெண்ட் பெயர்ந்தது, ஆயில் சுவரில் தெறித்தது.

கொஞ்சமாவது வேலை செய்தது ஒன்றுதான், அதற்கும் பொறுமை வேண்டும். டால்க் பவுடரை டர்பன்டைனில் களிமாதிரி குழைத்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, தீப்பெட்டி சிகரெட் எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, கறைமேல் அரை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். மேலே பிளாஸ்டிக் ஷீட், ஓரங்களில் டேப். 24 மணி நேரம் கழித்து ஷீட்டை எடுத்துக் காயவிட்டால், பவுடர் ஆயிலை உறிஞ்சிப் பழுப்பாகியிருக்கும். சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி அப்ப வேண்டும். பழுப்பு ஏறாமல் பவுடர் வெள்ளையாகவே நிற்கும்வரை இதே வேலை. அப்போதும் கறை மங்கும், அவ்வளவுதான்; மறையும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சிந்தின உடனே மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி விட்டிருந்தால் இதில் முக்கால்வாசி வேலையே இல்லை. ஒரு கூடை மரத்தூள்! இல்லையா, சாய்த்து வைத்த அந்த அட்டையை விரித்திருக்கலாம்.

அந்த கிளீனர் பாட்டில்காரர்களை விட்டுவிட்டேனே. முன்பக்கம் பெரிய எழுத்தில் "உடனடியாக நீக்கும்". பின்பக்கம் எறும்பு எழுத்தில் "ஆழமாக ஊறிய கறைகளுக்குப் பொருந்தாது". ஊறாத கறையைத் துடைக்கத் துணி போதாதா? எதற்கு உங்கள் பாட்டில்? அதில் காட்டியிருக்கும் படத்தில் பாதித் தரை கறுப்பு, பாதி பளபள. அந்தப் பளபள பாதி எப்போதாவது ஆயிலைப் பார்த்திருக்குமா?

இப்போது புது யோசனை: மேலே எபாக்சி பெயிண்ட் அடித்து மறைத்துவிடு. ஆயில் ஊறின கான்கிரீட்டில் எபாக்சி பிடிக்கவே பிடிக்காது. சூடான டயர் ஏறி இறங்கினால் தோல் தோலாக டயரோடு உரிந்து வரும். அதைச் சுரண்டுகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

இத்தனைக்கும் நடுவில் இந்தத் தண்ணீர் ஹோஸ். இதைச் செய்தவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். குழாயடியில் திறந்துவிட்டு, ஷெட்டின் கடைசிக்கு நடந்து வந்து, குனிந்து, பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகுதான் அது எங்கேயாவது மடங்கும். நேராக்கிவிட்டு வந்தால் வேறு இடத்தில் மடங்கும். மடங்காத ஹோஸ் என்று அட்டையில் எழுதித்தான் விற்றார்கள். மடங்காத ஹோஸ்! முதல் நாளே மடங்கிற்று!