கதவைச் சாத்திக்கொண்டு பேசினால்
நெருக்கடி நேரத்தில் பிள்ளைகளிடம் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. என் கணவருக்கு வேலை போன சமயம் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுவோம். போன் அடித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். ஆறு வயது மகளுக்கு, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. நான் வேறு திட்டித் தொலைத்தேன். ஒருநாள் ராத்திரி அவளே கேட்டாள்: "நான் பென்சில் டப்பாவைத் தொலைச்சதாலதான் அப்பா ஆபீஸ் போகலையா?"

அந்த வயதில் வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக்கூடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வேற தேடுறார், உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னோம். கடன் கணக்கெல்லாம் சொல்லவில்லை, அது அவள் சுமக்க வேண்டியதில்லை. தூங்கும் நேரமும் கதை சொல்லும் நேரமும் மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டோம். சில வாரங்களில் படுக்கை நனைவது நின்றது.

உறவினர்கள் விஷயம் இன்னொன்று. "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். என் நாத்தனார் கேட்கவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நாங்கள் வாய்விட்டு அழுதோம், சண்டையும் போட்டோம்.