டொக்டர் கேட்கவில்லை, பெரியப்பா சொல்லவில்லை

போன கிழமை கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். குசினியில் மருதம்பட்டை அவிந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத் தண்ணீர், ஒரு மிடறு குடித்தாலே நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. பக்கத்தில் பூண்டுச் சாற்றுக் கேப்சூல் போத்தல். "இதயத்தை ஒட்சியேற்றத்தில இருந்து காக்குமாம் தம்பி" என்று லேபிளைக் காட்டினார். ஒட்சியேற்றம் என்றால் ஒட்சிசனின் தாக்கத்தால் உடற்கலங்கள் பழுதாவது.

அவர் இதய வால்வு மாற்றியவர். இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். பல் துலக்கினால் முரசில் இரத்தம். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கண்டியிருந்தது.

"டொக்டரிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கேல்லையே."

மறுநாளே கூட்டிப்போனேன். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு ஐந்தைத் தாண்டியிருந்தது. அவருக்கு மூன்றுக்குள் நிற்க வேண்டியது. பூண்டுச் சாறும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், வார்ஃபரினோடு அது சேரவே கூடாது என்றார் டொக்டர்.

எனக்கு மூலிகையில் வெறுப்பே இல்லை. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜொக்சின், டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்ததுதான். வில்லியம் விதரிங் 1785இலேயே அந்தச் செடியைப் பற்றி எழுதினார். அளவு கொஞ்சம் கூடினால் அதே இலை ஆளைக் கொல்லும். "மூலிகைதானே, என்ன செய்யப்போகுது" என்ற பேச்சுத்தான் எனக்குப் பயம். வேலை செய்யும் மூலிகை என்றால் அது மருந்து. மருந்து என்றால் மற்ற மருந்தோடு மோதும்.

அப்புறம் அந்த லேபிள் வாசகம். இப்படிச் சொல்ல ஆதாரமாகக் காட்டும் ஆய்வுகள் பலவற்றில் எலிகளுக்குச் சில கிழமைகள் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். பிறகு ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு இதயத் தசையை வேண்டுமென்றே சேதப்படுத்துவார்கள். சாறு குடித்த எலியின் இரத்தத்தில், தசையிலிருந்து கசியும் நொதியங்கள் குறைவாக இருந்தால் "காத்தது" என்று எழுதுவார்கள். சரி, நல்ல ஆரம்பம். ஆனால் அந்த எலிக்கு செயற்கை வால்வு இல்லை, வார்ஃபரின் இல்லை.

ஒட்சியேற்றத்தைத் தடுத்தால் மாரடைப்பு குறையும் என்ற கணக்கை மனிதரிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆபத்து அதிகமுள்ள 9,000க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் ஈயை நாளுக்கு 400 அலகு, நாலரை வருடமளவில் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு முடிவு வந்தது: மாரடைப்பு குறையவில்லை.

டொக்டர்மாரே, "வேறென்ன குடிக்கிறீங்கள்?" என்று தயவுசெய்து கேளுங்கள், அதட்டாமல் கேளுங்கள். திட்டு விழும் என்றுதான் எங்கள் வயசான ஆட்கள் மறைக்கிறார்கள்.

பெரியப்பாவின் கிளினிக் கொப்பியில், குளிசைகளுக்குக் கீழே, "பூண்டுக் கேப்சூல், மருதம்பட்டைக் கஷாயம்" என்று பெரிய எழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.