கோடியக்கரைக் குதிரைகளை என்ன செய்வது?

கோடியக்கரைச் சரணாலயத்தில் ஆளில்லாமல் திரிகிற குதிரைகளைப் பிடித்து வெளியே அனுப்பு என்று ஒரு பக்கம், வாயில்லா ஜீவனைத் தொடாதே என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: குதிரைகள் குறைந்தே ஆகவேண்டும், ஆனால் ஒன்றைக்கூடக் கொல்லக்கூடாது. அதோடு, முதலில் கைவைக்க வேண்டியது சீமைக்கருவேலத்தில்.

1967இல் சரணாலயம் அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். புதருக்குள் பதுங்கிப் பிழைக்கிற பிராணி இல்லை அது. குட்டைப் புல்வெளி வேண்டும், ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஒரே பாய்ச்சலில் ஓடவேண்டும். அந்த வெளியைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டே வருகிறது, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரிக்காரர்கள் இதை ஆய்வு செய்து எழுதியும் விட்டார்கள். மிச்சப் புல்லில் குதிரையும் மேய்கிறது. அது மட்டுமா, கருவேலங்காய் இனிப்பு, குதிரை விரும்பித் தின்னும். காய்ந்த லத்தியைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள், விதை முழுசாகக் கிடக்கும், ஒரு மழை விழுந்தால் அங்கேயே முளைத்துவிடும்.

சரி, குதிரை என்ன பாவம் செய்தது? மனுஷன் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வாரிசுதானே இவை. கருவேலத்தைக் கொண்டுவந்ததும் மனுஷன்தான். ஓர் இனம் பிழைக்க இன்னோர் உயிரை எடுக்கலாமா என்பதில் உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் கொசியஸ்கோ தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து குதிரைகளைச் சுட 2023இல் அனுமதி கொடுத்தார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குதிரை செய்து வைக்கிற மக்களிடம் போய் அதைச் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆண் குதிரைகளைப் பிடித்துக் காயடித்து விடலாம். காளைக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான், கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியாத வேலை இல்லை. மெதுவாகத்தான் குறையும், குறையட்டும்.

கருவேலத்தை வெறுமனே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி கிளம்பும், வேரோடு எடுக்கவேண்டும். 2017இல் இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது, அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. அப்போது மரம் வேண்டும், வேண்டாம் என்று எல்லோரும் பேசினார்கள். அதன் விறகில் அடுப்பு எரிக்கிற வீடுகளைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? அந்தப் பெண்களுக்கே கூலி கொடுத்து மரத்தை எடுக்கச் சொல்லுங்கள், விறகும் அவர்களுக்கே போகட்டும். புல் திரும்பி வருகிறதா என்று பார்க்கிற பொறுப்பையும் உள்ளூர் ஆட்களிடமே கொடுங்கள்.

இதற்கெல்லாம் கூட்டம் போடுவதென்றால் நாகப்பட்டினத்தில் ஏசி அறையில் வேண்டாம், கோடியக்காட்டிலேயே போடுங்கள், ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலமாக.